வாசகர் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறார், என்ன செய்யலாம்?

மழைக்குருவி:
தொடர்கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலை தேடி அலையும் ஒருவன், இறந்துபோன நண்பனுடைய சான்றிதழ்களை வைத்து, நண்பனுடைய பெயரிலேயே ஓர் அலுவலகத்தில் சேர்ந்துவிடுகிறான். இதுதான் கதை. ஆனால் அவன் வேறு ஆள் என்பது பத்தாம் அத்தியாயத்தில்தான் வெளியே வரும், அதுவரை அமுக்கி வைத்திருக்கிறேன். படிக்கிறவர்கள் நடை நன்றாக இருக்கிறது, வர்ணனை நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறார்கள். ஆனால் மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு ஆளே இல்லை. திருப்பங்களைக் கூட்ட வேண்டுமா, வாக்கியங்களைச் சின்னதாக்க வேண்டுமா, ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு அதிர்ச்சியில் முடிக்க வேண்டுமா? விறுவிறுப்பு என்பதை எங்கிருந்து கொண்டுவருவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முற்றுப்புள்ளி:
ரகசியத்தை முதல் அத்தியாயத்திலேயே போட்டு உடைத்துவிடுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு காட்சி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் பின்னாலிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவன் திரும்பவில்லை, இரண்டாவது முறை கூப்பிட்டபோதுதான் திடுக்கிட்டுத் திரும்புகிறான். ரகசியம் தெரியாத வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது? ஏதோ யோசனையில் இருந்திருப்பான், அவ்வளவுதான். ரகசியம் தெரிந்த வாசகருக்கோ இந்தக் காட்சியே வயிற்றைப் பிசையும். ஐயோ, அது உன் பெயர்தான், திரும்பித் தொலையேன் என்று அவர் மனதுக்குள் கத்திக்கொண்டிருப்பார். காட்சி அதே காட்சிதான். வாசகருக்கு ஒரு தகவல் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது யோசித்துப் பாருங்கள், கையெழுத்துப் போடும்போது, பிறந்தநாள் வாழ்த்து வரும்போது, நண்பனோடு படித்த ஒருவர் அலுவலகத்துக்கு வரும்போது என்று ஒன்பது அத்தியாயத்துக்கும் கிடைத்திருக்க வேண்டிய பதற்றத்தைப் பத்தாம் அத்தியாயத்தின் ஒரே ஒரு அதிர்ச்சிக்காகப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நடந்த நீண்ட பேட்டியில், திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் இதைத்தான் மேசைக்கடியில் இருக்கும் குண்டை வைத்து விளக்கினார். குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. முன்பே தெரிந்திருந்தால், மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் என்ன சாதாரண விஷயம் பேசினாலும் 15 நிமிடப் பதைப்பு.

அடைப்புக்குறி:
எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கடைசியில் என்ன மிச்சம் இருக்கும்? துப்பறியும் கதையில் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் யார் என்று சொன்னால் யார் படிப்பார்கள்? முடிவு தெரிந்துவிட்டால் பாதிப் பேர் மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நள்ளிரவு வாசகி:
சிலப்பதிகாரத்தில் முன்னுரையாக வரும் பதிகத்திலேயே மொத்தக் கதையும் வந்துவிடுகிறதே, கோவலன் சாகப்போகிறான், மதுரை எரியப்போகிறது, எல்லாம். அதற்குப் பிறகும் கொலைக்களக் காதை படிக்கும்போது நெஞ்சு ஏன் அடைத்துக்கொள்கிறது? அங்கே நடப்பதைப் பாருங்கள். மாதரி வீட்டில் கண்ணகி தன் கையால் சமைத்துப் பரிமாறுகிறாள், அவன் சாப்பிடுகிறான், செய்த தவறையெல்லாம் நினைத்து வருந்துகிறான், ஒற்றைச் சிலம்பை வாங்கிக்கொண்டு கிளம்புகிறான். வழியில் ஒரு காளை எதிரே வருகிறது. அது கெட்ட சகுனம் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. நமக்குத் தெரிகிறது. அப்புறம் அவன் போய்ச் சேர்கிற இடம் பொற்கொல்லனின் குடிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கோயில். அரசியின் சிலம்பைத் திருடியவன் அந்தப் பொற்கொல்லன்தான் என்பதையும் இளங்கோ மறைக்கவில்லை, அங்கேயே சொல்லிவிடுகிறார். கோவலன் அவனை நம்பி உட்கார்ந்திருக்கிறான். முடிவு தெரியாதவராகப் படித்தால் அந்தச் சாப்பாட்டுக் காட்சி வெறும் சாப்பாட்டுக் காட்சியாகப் போயிருக்கும்.

துப்பறியும் கதை வேறு கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் ஒரு நேர்மை இருக்கிறது. துப்பறிபவரின் நண்பர் ஒருவர்தான் பல கதைகளில் கதையைச் சொல்வார், கவனித்திருப்பீர்கள். துப்பறிபவரே சொன்னால் அவர் கண்டுபிடித்ததை வாசகரிடம் மறைக்க வேண்டி வரும், அது கள்ளாட்டம். நண்பருக்கு உண்மையாகவே தெரியாது, அதனால் வாசகருக்கும் தெரியாது. மழைக்குருவியின் கதையில் நாம் யாருடைய தலைக்குள் உட்கார்ந்திருக்கிறோம்? அந்த ஆளுடைய தலைக்குள். அவன் எழுந்ததிலிருந்து தூங்கும்வரை அவனுக்கு வேறு நினைப்பே இருக்காது, மாட்டிக்கொள்வோமா என்ற ஒரே நினைப்புதான். அதை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதினால், தலைக்குள் இருந்தும் அவனைத் தெரியாத மாதிரி ஒரு உணர்வு வாசகருக்கு வரும். என்ன குறைகிறது என்று அவரால் சொல்ல முடியாது. நடை நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

மழைக்குருவி:
கடைசி வரி சுருக்கென்று குத்துகிறது. சரி, உடைத்துவிடுகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பத்தாம் அத்தியாயத்தில் எதை வைப்பது? அது காலியாகிவிடுமே.

முற்றுப்புள்ளி:
அவனுக்கே தெரியாததை வையுங்கள். உதாரணத்துக்கு, அலுவலகத்தில் ஒருவருக்கு முதல் நாளிலிருந்தே உண்மை தெரியும், அவர் ஏதோ காரணத்துக்காகச் சும்மா இருக்கிறார். இது அவனுக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது, இரண்டு பேரும் ஒன்றாகத்தான் விழுவார்கள். அந்த விழுதலில் வாசகருக்கு ஏமாற்றப்பட்ட எண்ணம் வராது.

இன்னொரு வழியும் உண்டு. என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட்டு, ஏன் நடந்தது என்பதை வைத்துக்கொள்ளலாம். நண்பன் எப்படி இறந்தான், சான்றிதழ்கள் இவன் கைக்கு எப்படி வந்தன, நண்பனுடைய அம்மாவுக்கு இது தெரியுமா? இதையெல்லாம் அவன் நினைத்துப் பார்க்கவே பயப்படுகிறான் என்று காட்டிவிட்டால், நீங்கள் தள்ளிப்போடுவதும் நியாயமாகிவிடும். தள்ளிப்போடுவது எழுத்தாளர் இல்லை, பாத்திரமே என்று ஆகிவிடுகிறது அல்லவா.

அடைப்புக்குறி:
இந்த இரண்டாவது யோசனை நன்றாக இருக்கிறது. நண்பனுடைய அம்மா என்றதுமே எனக்கு அடுத்து என்ன என்று தோன்றிவிட்டது. அந்த அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறானா இவன்?

மழைக்குருவி:
அனுப்பவில்லை. ஆனால் இனிமேல் அனுப்புவான் என்று நினைக்கிறேன்!

பழைய பேனா:
இழை நல்ல இடத்தில் போய்க்கொண்டிருக்கிறது, நடுவில் நான் தொடக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். தொடர்கதைத் தளங்களில் முதல் அத்தியாயங்களை நிறைய படிக்கிறேன், பாதிக்கு மேல் காலையில்தான் விடிகிறது. சூரியன் தன் பொற்கதிர்களைப் பரப்புகிறான், அலாரம் அடிக்கிறது, கதாநாயகி போர்வையை விலக்கிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறாள், உடனே முகம் எப்படி இருக்கிறது என்று நமக்கு ஒரு பத்தி. தன் முகத்தைத் தினமும் பார்க்கிறவள் அதில் மாநிறத்தையும் கூர்மூக்கையும் புதிதாகவா கண்டுபிடிப்பாள்? கண்ணுக்குக் கீழே நேற்றில்லாத கருவளையம் இருந்தால் அதைத்தான் பார்ப்பாள். ஒரு பாத்திரம் எதைக் கவனிக்கிறது என்பதிலேயே அந்தப் பாத்திரம் யார் என்பது வந்துவிட வேண்டும். ஒரே அறைக்குள் கடன்காரன் நுழைந்தால் விற்கக்கூடிய பொருள் கண்ணில் படும், திருடன் நுழைந்தால் ஜன்னல் கம்பி கண்ணில் படும், அந்த அறையில் குழந்தையாக வளர்ந்தவன் நுழைந்தால் சுவரில் உயரம் குறித்த கோடு கண்ணில் படும். அறையை நீளமாக வர்ணிக்கத் தேவையே இல்லை, இந்த ஒற்றைப் பார்வை போதும்.

இதற்கு எதிர்க்கோடியில் இன்னொரு கூட்டம் இருக்கிறது, முதல் வரியிலேயே பிணத்தைக் கிடத்திவிடுவார்கள். ரத்தம், கத்தி, அலறல். அதுவும் வேலை செய்வதில்லை. யாரென்றே தெரியாதவர் செத்தால் வாசகருக்கு என்ன? முதல் பக்கத்தில் வேண்டியது ஒரு ஆள், அவருக்கு இப்போதே வேண்டிய ஒரு பொருளோ பதிலோ, அது கிடைக்காமல் நிற்கிற ஒரு தடை. அந்தப் பொருள் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. உலகத்தைக் காப்பாற்றப் போகிறவனைவிட, பத்து நிமிடத்துக்குள் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தாக வேண்டும், பேனா எழுதவில்லை என்று தவிக்கிறவன் பின்னால் நான் சீக்கிரமாக ஓடுவேன்.

செம்மைத்தாள்:
பிழைதிருத்தும் வேலையில் இருப்பதால் எனக்கு முதலில் உறுத்துவது உரையாடல்தான். பாத்திரங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்ததை வாசகருக்காக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். மழைக்குருவியின் கதையில் இப்படி ஒரு வரி வரலாம்:

"நீங்க செத்துப்போன உங்க ஃபிரெண்ட் பேர்ல வேலை பாக்கறது எனக்குப் பயமா இருக்கு, என்னிக்காவது மாட்டிக்குவீங்க" என்றாள் மனைவி.

மனதில் இருப்பதை அப்படியே கொட்டிவிட்டாள், காட்சி அதோடு முடிந்துவிட்டது. இதே பயத்தை, அவர்கள் வீட்டுக்கு மேலாளர் வந்து உட்கார்ந்திருக்கும்போது எழுதிப் பாருங்கள்:

"இவர் சின்ன வயசுலேருந்தே இப்படி அமைதிதானா?" என்று மேலாளர் கேட்டார்.
"எனக்கு அப்ப இவரத் தெரியாதே சார்."
"ஒரே ஊர்னு சொன்னாரு?"
அவள் தண்ணீர்க் குவளையை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள். "ஊர் ஒண்ணுதான். தெரு வேற."

பயம் என்ற சொல்லே வரவில்லை. அவள் பேசுவது மேலாளரிடம், ஆனால் அவள் பேச்சு போய்ச் சேர வேண்டிய ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவன். இனி யார் கேட்டாலும் அவன் வேறு தெரு என்றுதான் சொல்ல வேண்டும், நினைவில் வைத்துக்கொள் என்று அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டாள். வாசகருக்கு இது புரியும், மேலாளருக்குப் புரியாது, அந்த இடைவெளியில்தான் காட்சி உயிரோடு இருக்கிறது.

இது ஏதோ இன்றைக்கு வந்த உத்தி என்று நினைக்க வேண்டாம். சங்கப் பாடல்களில், யார் யாரிடம் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் துறைக்குறிப்பில் சிறைப்புறம் என்று வருமே, அது இதுதான். தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறான். தோழி தலைவியிடம் பேசுவதுபோலப் பேசுகிறாள். ஊர் அலர் தூற்றுகிறது, தாய் காவலைக் கூட்டிவிட்டாள் என்பதெல்லாம் தலைவிக்குத் தெரியாததா? வேலிக்கு அப்பால் நிற்பவன் காதில் விழ வேண்டும், விழுந்து அவன் சீக்கிரம் மணம் பேச வர வேண்டும். ஆகவே உரையாடல் எழுதும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் யாரையாவது நிறுத்த முடியுமா என்று பாருங்கள். தூங்குவதுபோலப் படுத்திருக்கும் குழந்தை, காத்திருக்கும் வண்டியோட்டி, துண்டிக்கப்படாமல் விட்ட தொலைபேசி, யாராக இருந்தாலும் சரி. கேட்கிறவர் ஒருவர் கூடினால் பேசுகிறவர்கள் நேராகப் பேச முடியாது, தானாக வளைந்து பேசுவார்கள்.

நள்ளிரவு வாசகி:
இதைப் படித்ததும் எழுந்து போய்க் குறுந்தொகையை எடுத்துவிட்டேன். உரையாடல் பற்றி இன்னொன்றும் சேர்க்கிறேன். கதையில் வரும் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசுவது. பேச்சுவழக்கில் எழுதிவிட்டால் உயிர் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள், ஆனால் பாட்டியும் பேரனும் மேலாளரும் ஒரே பேச்சுவழக்கில் ஒரே நீளத்தில் பேசினால் யார் பேசுகிறார் என்பது என்றான், என்றாள் வைத்துத்தான் தெரியும். ஒருவர் கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்வார், ஒருவர் எதையும் முடிக்காமல் பாதியில் விட்டுவிடுவார், ஒருவர் மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் தன்னைப் பற்றிப் பேசுவார். வட்டார வழக்கைவிட இது நன்றாகப் பிரித்துக் காட்டும்.

அடைப்புக்குறி:
சொல்லாதே, காட்டு என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறார்கள். அதைக் கேட்டு நான் எழுதிய கதையில் ஒருவன் கோபப்பட்டான் என்பதற்கு அரைப் பக்கம் ஆனது. பல்லைக் கடித்தான், நரம்பு புடைத்தது, முட்டியை மடக்கினான். எழுதி முடித்துப் படித்தால் ஏதோ உடற்பயிற்சி செய்கிற மாதிரி இருந்தது. இதில் எது சரி?

பழைய பேனா:
அந்த அறிவுரையைப் பாதியாக எடுத்துக்கொண்டால் போதும். எல்லாவற்றையும் காட்டினால் கதை நகராது. "மூன்று வருடம் அப்படியே ஓடியது" என்பது எவ்வளவு அழகான வரி! எதையும் காட்டவில்லை, சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: யாராவது ஒரு முடிவெடுக்கிற இடம், இருவருக்குள் உறவு மாறுகிற இடம், ஒரு பொய் சொல்லப்படுகிற இடம், இவற்றைக் காட்சியாக்குவேன். நடுவில் இருக்கும் பயணம், சாப்பாடு, தூக்கம், வணக்கம் நலமா எல்லாவற்றையும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவேன். காட்சிக்குள் கொஞ்சம் தாமதமாக நுழைந்து கொஞ்சம் முன்னதாகவே வெளியேறுவதும் நல்லது. கதவைத் தட்டுவதிலிருந்து எழுத வேண்டியதில்லை, உள்ளே வாக்குவாதம் சூடான பிறகு நுழையலாம்.

உணர்ச்சியை உடம்பில் காட்டுவது பற்றி. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றுக்கும் நான்கு நான்காக நிலைக்களன்களைச் சொல்கிறது. அழுகைக்கு என்னென்ன? இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, இழப்பது, பழைய நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. கண்ணீர் எப்படி வழிந்தது என்று அங்கே பட்டியல் போடவில்லை, அழுகை எதிலிருந்து பிறக்கிறது என்று சொல்லியிருக்கிறது. கதைக்கும் அதுதான் வேண்டும். பிறக்கிற இடத்தைக் கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டால் அழுவது வாசகருடைய பாடு, பாத்திரம் கல்லாக உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. நிலைக்களன் இல்லாமல் கண்கள் குளமாயின என்று எழுதினால் குளம்தான் தெரியும், துக்கம் தெரியாது. உங்கள் கோபக்காரனுக்கு அரைப் பக்கம் நரம்பு தேவையில்லை. எல்லோர் முன்னாலும் அவனை என்ன சொன்னார்கள் என்பதைச் சரியாக ஒரு வரி எழுதுங்கள். அதற்குப் பிறகு அவன் "சரிங்க" என்று சொன்னால்கூட எங்களுக்குக் கொதிக்கும்.

செம்மைத்தாள்:
வாக்கியத்தைச் சின்னதாக்க வேண்டுமா என்று தொடக்கத்தில் மழைக்குருவி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சின்னதா பெரிதா என்பதைவிட எந்தச் செயலுக்குத் தனி வாக்கியம் கொடுக்கிறோம் என்பது முக்கியம். தமிழில் வினையெச்சத்தைக் கோத்துக்கொண்டே போகலாம், அந்த வசதியே சில இடங்களில் ஆளைக் கவிழ்த்துவிடும். பாருங்கள்:

அவன் எழுந்து போய் அலமாரியைத் திறந்து தன் பழைய அடையாள அட்டையை எடுத்துப் பார்த்துக் கிழித்துப் போட்டான்.

எழுந்ததும் திறந்ததும் கிழித்ததும் ஒரே எடையில் ஓடுகின்றன. ஆனால் இந்தக் கதையில் கிழிப்பது என்பது அவன் தன்னையே இல்லாமல் ஆக்கிக்கொள்வது. அதனால்:

எழுந்து போய் அலமாரியைத் திறந்து பழைய அடையாள அட்டையை எடுத்தான். புகைப்படத்தில் மீசை இல்லை. கிழித்தான்.

முதல் வாக்கியத்தில் எச்சங்கள் வரிசையாக ஓடட்டும், அவற்றுக்கு அவ்வளவுதான் மதிப்பு. மூன்றாவது ஒற்றைச் சொல், எழுவாய்கூட இல்லை. வினைமுற்றே ஆண்பாலா பெண்பாலா என்று சொல்லிவிடுவதால் தமிழில் அவன், அவள் என்பதைத் துணிந்து விட்டுவிடலாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் அவன், அவன் என்று தொடங்குகிறவர்கள் ஏன் அந்தச் சலுகையைப் பயன்படுத்துவதில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை. அதேபோல, நடந்துகொண்டிருந்தான், பார்த்துக்கொண்டிருந்தான் என்று தொடர்ந்து வந்தால் காட்சி நகராமல் நின்றுகொண்டே இருக்கும். நடந்தான், பார்த்தான் என்று எழுத முடிகிற இடத்திலெல்லாம் அப்படியே எழுதலாம்.

ஆனால் ஒன்று. கிழித்தான் என்கிற உத்தியை ஒரு பக்கத்தில் ஒருமுறைதான் செய்ய வேண்டும். எடுத்தான். பார்த்தான். சிரித்தான். போனான். என்று பக்கம் முழுக்கப் போனால் எதற்கும் எடை இல்லாமல் போய்விடும், எச்சத்தில் கோத்ததைவிட மோசம்.

மழைக்குருவி:
மீசை இல்லை என்ற வரியை நான் திருடிக்கொள்ளலாமா?

செம்மைத்தாள்:
தாராளமாக.

அடைப்புக்குறி:
அத்தியாய முடிவைப் பற்றி யாராவது சொல்லுங்கள். 'தொடரும்' போடும் இடம். கதவு தட்டப்பட்டது, திறந்தவள் அதிர்ந்து நின்றாள், தொடரும். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் சாவி கேட்க வந்திருப்பார். இதை எத்தனை முறைதான் தாங்குவது?

நள்ளிரவு வாசகி:
ஒருமுறை தாங்குவேன். இரண்டாவது முறை அந்தத் தொடரையே விட்டுவிடுவேன். எழுத்தாளர் என் ஆர்வத்தைக் கடனாக வாங்கிவிட்டுத் திருப்பித் தரவில்லை என்று ஆகிவிடும். அப்புறம் உண்மையாகவே வாசலில் கொலைகாரன் நின்றாலும் நம்ப மாட்டேன்.

முற்றுப்புள்ளி:
நிகழ்ச்சிக்கு முன்னால் வெட்டுவதற்குப் பதிலாக முடிவெடுத்த பிறகு வெட்டலாம். கதவு தட்டப்பட்டது என்பதில் வாசகர் யார் என்று மட்டும் யோசிப்பார், பதில் வந்ததும் அந்த யோசனை செத்துவிடும். மாறாக, நண்பனுடைய அம்மாவிடமிருந்து கடிதம் வருகிறது, மகன் பெயருக்கு. அலுவலக முகவரிக்கு. அவன் அதைப் பிரித்துப் படிக்கிறான், அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்பதும் நமக்குத் தெரிகிறது, பேனாவை எடுத்து "அன்புள்ள அம்மா" என்று எழுதத் தொடங்குகிறான். அங்கே வெட்டுங்கள். எதையும் மறைக்கவில்லை. ஆனால் அவன் செய்த காரியம் இனி என்னென்ன செய்யப்போகிறது என்று வாசகர் வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார்.

மழைக்குருவி:
ஆனால் அம்மாவுக்கு மகன் இறந்தது தெரியாதா என்ன?

முற்றுப்புள்ளி:
பார்த்தீர்களா, நீங்களே கேட்டுவிட்டீர்கள். தெரியும் என்றால் அவள் ஏன் அந்தப் பெயருக்கு எழுதுகிறாள்? தெரியாது என்றால் அது எப்படி? எந்தப் பக்கம் போனாலும் கதை இருக்கிறது.

பழைய பேனா:
தற்செயல் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிக் கதைகள் கடைசியில் கவிழ்வது அங்கேதான். தற்செயலாக ஒருவன் சிக்கலில் மாட்டிக்கொள்ளலாம், வாசகர் அதை ஏற்றுக்கொள்வார். தற்செயலாகத் தப்பித்தால் ஏற்கமாட்டார். மேலாளருக்கு உண்மை தெரியவந்த அன்றே அவருக்கு மாரடைப்பு வந்தால் கதை அத்தோடு செத்தது.

தீர்வு முன்பே நம் கண் முன்னால் கிடக்க வேண்டும். நள்ளிரவு வாசகி எடுத்த அதே சிலம்பைப் பாருங்கள். அரசவையில் கண்ணகி தன் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம் என்று முதலில் சொல்கிறாள். பாண்டியன் எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று தன் வாயாலேயே சொல்கிறான். அதற்குப் பிறகுதான் சிலம்பு உடைகிறது. அவன் அப்படிச் சொல்லாமலே சிலம்பை உடைத்திருந்தால், தெறித்த மாணிக்கத்தை வைத்து என்ன நிரூபிக்க முடியும்? சோதனையின் விதியைத் தோற்கப்போகிறவன் வாயிலிருந்தே வரவழைத்துவிட்டு, அப்புறம் சோதனையை நடத்துகிறார் கவிஞர். சில வரிகளுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது, அவசரமும் இல்லை, தற்செயலும் இல்லை.

அடைப்புக்குறி:
செகாவின் துப்பாக்கி, அதாவது முதலில் சுவரில் காட்டிய துப்பாக்கி பின்னால் வெடித்தாக வேண்டும் என்ற விதி, இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குப் பதிலாகச் சிலம்பு வந்துவிட்டது. நல்லது, அந்தத் துப்பாக்கி எல்லா இழையிலும் வெடித்து வெடித்துத் தேய்ந்துவிட்டது.

நள்ளிரவு வாசகி:
மழைக்குருவி, வாசகரிடம் கருத்துக் கேட்கும்போது எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், வேறென்ன சொல்ல முடியும்? எந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போனீர்கள் என்று கேளுங்கள். அப்புறம், நிறுத்தியபோது அடுத்து என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள் என்றும் கேளுங்கள். தப்பாக ஊகித்திருந்தால் பிரச்சினையில்லை, ஊகித்தார் என்றாலே கதைக்குள் இருக்கிறார். சரியாக ஊகித்து, அதனால் சலித்திருந்தால் அந்தக் காட்சியைச் சுருக்கலாம். ஒன்றுமே நினைக்கவில்லை, சும்மா படித்தேன் என்று பதில் வந்தால் அதற்கு முந்தைய சில பக்கங்களில் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை என்று பொருள், அங்கே போய்ப் பாருங்கள். ஆனால் எப்படி மாற்ற வேண்டும் என்று அவர்கள் சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அலுத்த இடத்தைப் பெரும்பாலும் சரியாகக் காட்டுவார்கள், மருந்து வேறெங்காவது இருக்கும். ஏழாம் அத்தியாயம் அலுக்கிறது என்றால் கோளாறு ஐந்தில் இருக்கலாம்.

மழைக்குருவி:
மிக்க நன்றி எல்லோருக்கும், முதல் அத்தியாயத்தைப் புதிதாகத் தொடங்கிவிட்டேன். எழுத உட்கார்ந்ததும் ஒரு சிக்கல். அவனுக்கு இரண்டு பெயர். அலுவலகத்தில் எல்லோரும் நண்பன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கதை சொல்லும்போது நான் அவனை எந்தப் பெயரால் குறிப்பிடுவது? உண்மைப் பெயரா, அந்தப் பெயரா? தன்மையில் நான் என்று எழுதிவிட்டால் தப்பிக்கலாம், ஆனால் அவன் இல்லாத காட்சிகளும் எனக்கு வேண்டும்.

செம்மைத்தாள்:
கதைசொல்லி உண்மைப் பெயரையே சொல்லட்டும், மற்றவர்கள் நண்பன் பெயரைச் சொல்லட்டும். இரண்டும் ஒரே பத்தியில் உரசும்போதெல்லாம் வாசகருக்கு நினைவூட்டல் இலவசமாகக் கிடைக்கும். முகிலன் நிமிர்ந்தான், "வாங்க ரகு" என்றார் மேலாளர், இப்படி.

முற்றுப்புள்ளி:
நான் வேறு மாதிரிச் செய்வேன். தொடக்கத்தில் உண்மைப் பெயர். நடுவில் எங்கோ ஒரு இடத்தில், யாரோ நண்பன் பெயரால் கூப்பிட்டதும் அவன் யோசிக்காமல் திரும்பிவிடுகிறான், அந்த வாக்கியத்திலிருந்து கதைசொல்லியும் நண்பன் பெயருக்கு மாறிவிட வேண்டும். விளக்கம் எதுவும் கொடுக்கக் கூடாது.

பழைய பேனா:
முற்றுப்புள்ளி சொல்வது ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் வாரத் தொடரில் ஆபத்து. நாவலை ஒரே மூச்சில் படிக்கிறவர் அந்த மாற்றத்தைப் பிடித்துவிடுவார். ஒரு வாரம் கழித்து வருகிறவர் எழுத்தாளர் பெயரை மாற்றிப் போட்டுவிட்டார் என்று கீழே பின்னூட்டம் எழுதுவார். செய்வதாக இருந்தால் அத்தியாயத்தின் நடுவில் செய்யுங்கள், இரண்டு பெயரும் ஒரே பக்கத்தில் கண்ணில் படுகிற மாதிரி. அத்தியாய எல்லையில் செய்ய வேண்டாம்.

அடைப்புக்குறி:
எந்த வழியில் போனாலும் இரண்டு பெயரும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டாம், ஒரே நீளத்திலும் வேண்டாம். வேகமாகப் படிக்கும்போது பெயரை யாரும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை, முதல் எழுத்தையும் உருவத்தையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். முகிலன், ரகு சரியாக இருக்கிறது. முகிலன், முரளி என்றால் நான் மூன்றாம் அத்தியாயத்திலேயே இறங்கிவிடுவேன்.